ஆறாவது நாளுக்கு ஒரு தலை

அக்கா,

நீ ஜீப்பில் ஏறிப் போன பிறகு முதலில் என் கண்ணில் பட்டது, கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த உன் மெரூன் நிற ஸ்வெட்டர். சாரலில் அது காயவே இல்லை. அதைப் பார்த்ததும் அம்மா சொன்னாள்: “பாலக்காட்டு வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்குன்னு விட்டுட்டுப் போயிட்டா. அங்கதான்னு மனசுல முடிவு பண்ணிட்டா.” அப்பா விடவில்லை. “கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. ஒரேயடியாப் போறவ எல்லாத்தையும் வாரிக் கட்டிக்கிட்டுப் போவா. திரும்பி வர்றவதான் துணிய விட்டுட்டுப் போவா” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் உன் ஸ்வெட்டரை வைத்து ஜோசியம் பார்க்கிறார்கள். எனக்குத்தான் தெரியும். நீ எதையும் முடிவு செய்யவில்லை. அதை மறந்துவிட்டுப் போனாய், அவ்வளவுதான். நீ முடிவு செய்யாத எல்லாவற்றையும் இந்த வீட்டில் நாங்கள் யாராவது தூக்கிச் சுமக்கிறோம். ஸ்வெட்டர் உட்பட.

இது அம்மா உனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம். மகளுக்குப் புத்தி சொல்வது அம்மாவின் வேலை. ஆனால் அம்மா பூண்டு நடவு முடிந்து வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “நீயே எழுது புள்ள. நீதான அவளுக்கு ஆக்கிப் போட்டு, துணி மடிச்சு, ஜீப்புக்கு ஏத்திவிடுற. அவளுக்கு அம்மா நீதான்” என்று சிரித்தாள். சிரிப்புக்குச் சொன்னாலும் பாதி உண்மை. நீ பி.எட். படித்த காலம் முழுக்க, லீவுக்கு நீ வந்தபோதெல்லாம், உன்னைவிட எட்டு வயது சின்னவளான நான்தான் உனக்குத் தாய் போல நடந்துகொண்டேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் “ம்” போடுவேன், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் நம் வாசகசாலையின் கையெழுத்து இதழில் எழுதுகிறேன். நீ தொடங்கி வைத்த இதழ் அது. மாதா மாதம் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பாய் அல்லவா? இந்த மாதம் இதைப் படித்துக்கொள். ஊரும் படிக்கட்டும். வாய் திறந்து ஒரு சொல் பேசாத பெண் என்று என்னைச் சொல்கிறவர்கள், எழுத்தில் எவ்வளவு பேசுவேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்று, கிழக்குப் பாலக்காட்டில் ஒரு தனியார் மேனேஜ்மென்ட் ஹைஸ்கூல். இங்கிலீஷ் மீடியம். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். சுவரில் டி.வி. போலப் பெரிய போர்டு, வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் பஸ், மாதம் பிறந்தால் சம்பளம். மற்றது இந்த மலையில் நம் சர்க்கார் ஹைஸ்கூல். தமிழ் மீடியத்துக்குக் கணக்கு டீச்சர். தினக்கூலி வேலை, மழையில் கூரை ஒழுகும் ஸ்டாஃப் ரூம், லீவு விட்டால் கூலி இல்லை. நீ படித்த பள்ளி. நானும் ஒன்பதாம் வகுப்புப் பாதிவரை படித்த பள்ளி. இரண்டு இடத்திலும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். இதில் எது நல்லது என்று சொல்ல நான் யாருமில்லை. எனக்கு எரிச்சல் நீ தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான்.

மூணாறு துணிக்கடை உனக்கு நினைவிருக்கிறதா? தீபாவளிக்கு முன்னால் போனோம். நீ ஒரு பச்சைச் சுடிதாரையும் ஒரு நீலச் சுடிதாரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டாய். அம்மாவைக் கேட்டாய், அப்பாவைக் கேட்டாய், கடைக்காரப் பையனைக் கேட்டாய், துணி எடுக்க வந்திருந்த ஒரு சேச்சியைக் கேட்டாய். அந்த அம்மா மலையாளத்தில் ஏதோ சொல்ல, அது பச்சையா நீலமா என்று எங்களைக் கேட்டாய். கடைசியில் என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு, நீ சொல்றதத்தான் எடுப்பேன்” என்றாய். நான் நீலம் என்றேன். நீ பச்சையை எடுத்தாய். ஜீப்பில் மாட்டுப்பட்டி தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீலம் எடுத்திருக்கலாம். நீ அழுத்திச் சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்” என்று என்னிடம் கோபித்தாய். துணி விஷயத்தில் அது சிரிப்பு. அன்று அப்பாகூடச் சிரித்தார். இப்போது அதையே வேலையில் செய்கிறாய். அப்பாவைக் கேட்டாய். “நம்ம பள்ளிக்கூடத்துக்கு வா தாயி. டீச்சரோட அப்பான்னு நாலு பேரு சொல்லட்டும்” என்றார். அம்மாவைக் கேட்டாய். “இந்தக் குளிருலயும் சேத்துலயும் நான் கெடந்து பட்டது போதும். நீ கீழயே இரு” என்றாள். இரண்டும் எதிரெதிராக வந்ததும் என்னிடம் வந்தாய்.

அதற்கு முன்னால் பாலக்காட்டில் நீ தங்கியிருக்கும் வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் நம்பரை எப்படிப் பிடித்தார்களோ தெரியாது. “ஏம் புள்ள, ரெண்டு எடத்துலயும் வேல கெடச்சிருக்குது, சந்தோசப்படோணுமல்ல? உங்கக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஊட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறா. எங்கூட்டுக்காரர்கிட்டப் போயி ‘நீங்க சொல்லுங்க மாமா’ங்கறா. தென்னைக்குத் தண்ணி உடறதா வேண்டாமான்னு என்னையக் கேக்கற மனுசன் அவுரு. அவுருகிட்டப் போயி கேக்கறா பாரு!” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். “மலைப்பள்ளிக்கு வந்தா உனக்காகத்தான் வருவேன். நீ மறுபடி படிக்க வர்றியா சொல்லு. நீ வர்றேன்னா நான் வர்றேன்” என்றாய். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட ஆகியிருக்காது. “சரி, வர்ற. அப்படித்தான? நான் ஹெச்.எம். சாருக்குப் போன் பண்ணிடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் “வர்றேன்” என்று சொல்லவில்லை. “வரல” என்றும் சொல்லவில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை, அக்கா. என் மௌனத்தை எடுத்து உனக்கு வேண்டிய பதிலாக மாற்றிக்கொண்டாய். நாளைக்கு மழையில் கூரை ஒழுகி நீ நனையும்போது, “உனக்காகத்தான் வந்தேன்” என்பாய். நான் வாழ்நாள் முழுக்க அந்தப் பச்சைச் சுடிதாராக இருக்கவேண்டும்.

நான் ஏன் பள்ளியை விட்டேன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பூண்டுக் காட்டில் ஆள் இல்லை, அம்மாவுக்கு முதுகுவலி, அதனால் நின்றேன் என்றுதான் வீட்டில் பேச்சு. அது பிறகு வந்தது. அந்த வருடம் எங்கள் தமிழ் டிவிஷனுக்குக் கணக்கு எடுக்க வந்தவர் கீழ்நாட்டிலிருந்து வந்த சார். நல்ல மனிதர், கை ஓங்க மாட்டார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு வாய் வராது. போர்டில் எழுதி முடித்ததும் திரும்பி, புரிந்ததா என்று மலையாளத்தில், “மனசிலாயோ?” என்பார். வகுப்பே சேர்ந்து “மனசிலாயி சார்” என்று பாடும். நானும் பாடினேன். புரிந்தவர்களும் பாடினார்கள், புரியாதவர்களும் பாடினோம், யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு போர்டில் கணக்கைப் போடச் சொன்னார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். யாரும் திட்டவில்லை. அவர் பாவமாகப் பார்த்தார், அதுதான் தாங்கவில்லை. அதன்பிறகு கணக்கு இருக்கும் நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பிறகு எல்லா நாளும் இருந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டு வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஏனென்றால் ஆறாவது நாள் முடிந்திருந்தது.

ஆறாவது நாள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் அன்று எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து மேலே அனுப்புவார்கள். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன், அதாவது அந்த வகுப்புப் பிரிவு, போகும். டிவிஷன் போனால் டீச்சர் போவார். அதனால் அந்த ஒரு நாள் நம் மலையில் திருவிழா மாதிரி. கேரட் காட்டிலிருந்தும் பூண்டுக் காட்டிலிருந்தும் பிள்ளைகளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஏழாவது நாள் பாதிப் பெஞ்சு காலி. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பள்ளி நம்முடையது, காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோருக்கும் நிம்மதி. நானும் அப்படி எண்ணப்பட்டவள்தான்.

நீ போன் வைத்த மறுநாள் ஹெச்.எம். சார் குடை பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் எஸ்டேட்டில் பிறந்த நம் ஆள். அந்தத் தமிழ் டிவிஷனுக்காக அவர் நடக்காத ஆபீஸ் கிடையாது, அது எனக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டே, “பாப்பா, ஒம்பதாங் கிளாஸ்ல ஒரு தல கொறையுது. பேரைத் திரும்பச் சேத்துக்கலாம். நீ ஆறாவது நாள் மட்டும் வந்து உக்காரு. டிவிஷனும் நிக்கும், உங்க அக்காளுக்கு வேலையும் நிக்கும். மறுநாள் நீ காட்டுக்குப் போ, யாரும் கேக்க மாட்டாக” என்றார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “ஒரு நாளுதான? போயிட்டு வரட்டும் சார்” என்றார். அம்மா மட்டும், “பதினாறு வயசுப் புள்ளய சின்னப் புள்ளைக நடுவுல உக்கார வச்சா சிரிக்க மாட்டாகளா?” என்று கேட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் டம்ளரைக் கழுவப் போனேன். என் தலை ஒன்று வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

உன்னைக் குறை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயம் இல்லை. போன வருடம் லீவுக்கு வந்தபோது, தகரக் கதவில் சாக்பீஸால் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாய். தராசின் ஒரு தட்டில் மூன்று கேரட் மூட்டை, பக்கத்தில் ஒரு ஐந்து கிலோ எடைக்கல், மறுபக்கம் எண்பது கிலோ. “மூட்டைக்குள்ள எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுக்கு ஒரு பேரு வைப்போம்” என்று சொல்லி மூட்டையில் ‘எக்ஸ்’ என்று எழுதினாய். அந்தச் சாரிடம் மாதக்கணக்கில் பார்த்து மிரண்ட எழுத்து அது. மூட்டை என்று நீ சொன்னதும் அது சாதுவாகிவிட்டது. முதலில் எடைக்கல்லை எடுக்கவேண்டும், அப்புறம் மூன்றாகப் பிரிக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து என்ற விடை என் தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது நீ, “இருவத்தஞ்சு! பாத்தியா, எவ்வளவு லேசு!” என்று நீயே சொல்லிக் கைதட்டினாய். நான் தலையாட்டினேன். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைத்தாய். நான் கண்டுபிடித்திருந்தேன். அது உனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் அம்மாவின் இடத்தில் நின்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ நல்ல டீச்சர். இந்த மலையில் கணக்கைத் தமிழில் இப்படிச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆனால் உனக்குக் காத்திருக்க வரவில்லை. பாலக்காட்டுப் பள்ளியில் இங்கிலீஷில் டக் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள், உனக்கு அது பிடிக்கும். அவர்களுக்கு நடுவிலும் மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி தொண்டையில் விடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே “மனசிலாயி” என்று பாடிப் பழகிய வகுப்பு முழுக்கவே அப்படி. எந்த இடத்தில் உன்னால் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவள் பேசும்வரை நிற்க முடியும் என்று பார். அதை வைத்துத் தேர்ந்தெடு. சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தாலும் நான் கோபிக்க மாட்டேன், அதுவும் உன் காரணம்தான். நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் பொய். பாயில் உன் இடம் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது என் ஆசை. அதை எடுத்து உன் காரணமாக வைத்துக்கொள்ளாதே.

இன்று ஆறாவது நாள். நான் போனேன். டிவிஷன் போய்விட்டால் மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். வழியில் கேரட் காட்டிலிருந்து பக்கத்து வீட்டு மதினி, “என்ன புள்ள, இன்னைக்கு மட்டும் படிப்பா?” என்று கத்தினாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வகுப்புக்குள் நுழைந்ததும் முன்பெஞ்சுப் பையன் எழுந்து நின்று, “குட் மார்னிங் டீச்சர்” என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. காதெல்லாம் சூடாகிவிட்டது. மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, “அக்கா, நீங்க நெசமா படிக்க வந்தீங்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, “இல்லடி, தல எண்ணிக்கைக்கு வந்தவுக. நாளைக்கு வர மாட்டாக” என்றாள். சின்னவள், “ஓ” என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கிளார்க் சார் வந்து பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்ததும் “ஹாஜர்” என்றேன். சத்தம் வரவில்லை. ஹெச்.எம். சார்தான் வாசலில் நின்று, “இருக்கு, இருக்கு, எழுதிக்கோ” என்றார்.

சாயங்காலம் அவர் உனக்குப் போன் செய்திருப்பார், கணக்கு சரியாகிவிட்டது, இடம் உனக்காக இருக்கிறது என்று. நீ வரவில்லை என்றால் வரிசையில் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுவார்களாம், அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். தமிழ் தெரிந்தவர் வரலாம், தெரியாதவரும் வரலாம். ஆகையால் நான் உட்கார்ந்தது உன்னைக் கட்டிப்போட அல்ல. நீ வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிக்கு “சரி” என்று சொன்னாலும், ‘தங்கச்சிக்காக’ என்ற ஒரு சொல் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் நான் உன்னோடு பேச மாட்டேன். ஏற்கெனவே பேசுவதில்லையே என்பாய். எழுதவும் மாட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்து இவ்வளவும் எழுதினேன். மிச்சத்தை இன்று எழுதுகிறேன். காலையில் கொடியிலிருந்து உன் ஸ்வெட்டரை எடுத்தேன். கைப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. போட்டுக்கொண்டேன். அம்மா பூண்டு விதையைக் கூடையில் அள்ளிக்கொண்டே, “இன்னைக்கு எங்கடி கெளம்பிட்ட? அதான் எண்ணியாச்சுல்ல?” என்றாள். அப்பா ஸ்வெட்டரையே பார்த்தார். அவருக்கு ஜோசியம் குழம்பிவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மதினி காட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள், இன்று ஒன்றும் கத்தவில்லை. வகுப்பில் பெஞ்சுகள் பாதி காலியாக இருந்தன. மூன்றாவது பெஞ்சில் அந்தச் சின்னப் பெண் இருந்தாள். என்னைப் பார்த்ததும் நடுவில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். நான் உட்கார்ந்தேன். டீச்சர் யாரும் இன்னும் வராத கணக்குப் பீரியடுக்கு மணி அடித்தது. நோட்டைத் திறந்து வைத்தேன்.